மூன்றாம் படத்தில் இருந்த தறி

“ஆஸ்பத்திரியில காதுல விழுந்தத அங்கயே வாசல்ல...” என்று என் பெரியப்பா ஏதோ சொல்வார். அரசு மருத்துவமனையில் மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். வாசலிலேயே உதறிவிட்டு வர வேண்டும் என்று முடித்தாரா, கழுவிவிட்டு வர வேண்டும் என்று முடித்தாரா, எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. என் தொழிலில் அதை உதறவும் முடியாது, கழுவவும் முடியாது. பிழை நீக்கி, கமா போட்டு, உலகத்துக்கே அனுப்பி வைக்க வேண்டும். மருத்துவர்கள் ஆய்விதழ்களுக்கு எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பவன் நான். இருபது வருஷம் வெளியூர்களில் செய்ததை இப்போது ஆரணியில் மாடி அறையில் உட்கார்ந்து செய்கிறேன்.

நீங்களும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருப்பீர்கள். டோக்கன் நம்பரோடு உங்கள் வியாதியையும் சேர்த்துக் கூப்பிட்டிருப்பார்கள். உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

கறுப்புப் பட்டை

படத்தில் நோயாளியின் கண்ணை ஒரு கறுப்புப் பட்டையால் மறைத்துவிட்டால் ஆளே மறைந்துவிடுகிறார் என்று மருத்துவர்கள் பலருக்கு இன்னும் நம்பிக்கை. உங்கள் அம்மாவின் படத்தில் அப்படி மறைத்துப் பாருங்கள், அடையாளம் தெரியாமலா போய்விடும்? ஒருமுறை தோல் நோய் பற்றிய கட்டுரை வந்தது. சின்ன வயசுப் பெண். கண்ணுக்கு மேல் பட்டையை அளந்து வைத்தமாதிரி போட்டிருந்தார்கள். கீழே, முழங்கைக்குப் பக்கத்தில், அவள் பேரும் புருஷன் பேரும் பச்சை குத்தியிருந்தது. ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

எழுதிய டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். நான்தான் அநாவசியமாகப் பயப்படுகிறேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்: “அது தமிழ்லதான சார் இருக்குது. ஜர்னல் படிக்கிறவன் எவனுக்கு தமிழ் தெரியப்போவுது?”

அக்கா கொண்டுவந்த காபி

அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அடுத்த கட்டுரை வரும்வரை. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றின் மூத்த டாக்டர் அனுப்பியது. எனக்கு வரும் வேலையில் பாதி அவர் கைவழியாக வருவது. ஒரு நெசவாளருக்கு வந்த அபூர்வமான நரம்பு நோயைப் பற்றிய கட்டுரை. இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது, இங்கிலீஷைத் திருத்துவதுதான் பாக்கி. பேர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. மூன்றாவது படத்தில் தறியும், அதில் பாதி நெய்த சேலையும், அதன்மேல் இரண்டு கைகளும் மட்டும். பரவாயில்லையே, இவராவது ஒழுங்காகச் செய்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கீழே போனது என் தப்பு. அதை மறைக்கவில்லை. திரும்பி வரும்போது அக்கா காபி டம்ளரோடு திரைக்கு முன்னால் நின்றிருந்தாள். சேலைக் கடையில் பல வருஷமாகச் சரக்கு பார்த்து எடுக்கிறவள். அவள் படத்திலிருந்த கையைப் பார்க்கவில்லை, சேலையின் கரையைத்தான் பார்த்தாள். எல்லாக் கரையிலும் அன்னம் முன்னால் பார்க்கும். இதில் திரும்பி வாலைப் பார்க்கிறது. கரையின் டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடும்போது நேர்ந்த பிசகு. சேலை பிடித்துப்போய் ஜனங்கள் வாங்கியதால் அப்படியே விட்டுவிட்டார்களாம். அந்தப் பிசகு ஊரில் ஒரே தறியில்தான் உண்டு. காபியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: “டேய், இது நம்ம அன்னக்கரை அண்ணன் தறியாச்சே. அவரு கைக்கு இன்னாடா ஆச்சு?”

(இங்கே நான் எழுதியிருப்பதில் பறவையும் நோயும் உண்மையானவை அல்ல. மாற்றிவிட்டேன். சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் உங்களிடம் தருகிறேன். ஒருவர் அடையாளத்தை மறைக்க இவ்வளவுதான் வேலை. ஒரு மத்தியானத்தில் முடிந்தது.)

இரண்டு பக்க இங்கிலீஷ்

அக்காவிடம் யாரிடமும் சொல்லாதே என்றேன். என்னை அவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டாயா என்று இரண்டு நாள் பேசவில்லை. அவள் சொல்லமாட்டாள். ஆனால் கட்டுரை வெளியானால் அக்காக்கள் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். அது காசு கொடுக்காமல் யாரும் படிக்கக்கூடிய இதழ். போதாக்குறைக்கு, வெளியானதும் மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போடப்போவதாக டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் குழுவில் பட்டு முதலாளிகள் வீட்டு ஆட்கள் பாதிப்பேர்.

டாக்டரைக் கூப்பிட்டேன். சேலை தெரியாமல் படத்தை வெட்டிவிடலாம் என்றேன். தறி இல்லாவிட்டால் படத்துக்கு அர்த்தமே இல்லை, தொழிலை நோய் எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் கட்டுரையே என்றார். சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்டேன். உடனே அனுப்பினார். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிந்தது. அதன் கடைசியில், தமிழில், கோணலாக ஒரு கையெழுத்து. கை நடுங்குகிறவர் போட்ட கையெழுத்து. இதை அவருக்கு யார் படித்துச் சொன்னார்கள் என்று கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “நீங்க இங்கிலீஷ மட்டும் பாருங்க சார். பேஷண்ட நான் பாத்துக்கறேன்.”

மதியச் சாப்பாட்டு நேரம்

அந்த நெசவாளரைப் போய்ப் பார்ப்பதா வேண்டாமா என்று நாள்முழுக்க யோசித்தேன். போனால், ‘உங்கள் வியாதி எனக்குத் தெரியும்’ என்று நானே சொன்னமாதிரி ஆகும். போகாவிட்டால் ஊரே சொல்லும். சாப்பாட்டுக்குத் தறி நிற்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் மனைவி எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அப்புறம் அந்த அம்மாதான் சொன்னார். ஒரு வருஷமாகக் கரை வேலையை அந்த அம்மாவேதான் உட்கார்ந்து நெய்கிறார். முதலாளி வரும்போது மட்டும் கணவர் தறியில் உட்காருவார். கை ஆடுவது தெரிந்தால் அடுத்த சேலைக்கான பாவு நூல் இந்த வீட்டுக்கு வராது. பட்டும் ஜரிகையும் ஆடாத கைக்குத்தான் கொடுப்பார்கள். படம் எடுத்தது மருந்தை மாற்றிப் பார்ப்பதற்கு என்று நினைத்தார்களாம். கையெழுத்து எதற்கு என்று கேட்டால் டாக்டர் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று கேட்கவில்லையாம்.

மருத்துவம் வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவர் கையைப் படித்து நாளைக்கு இன்னொருவர் கை ஆடாமல் நின்றால் சந்தோஷம்தான். அதற்கு இவர் தறி எதற்கு நிற்க வேண்டும்? ஒரு படத்தை ஓரமாக வெட்ட எத்தனை நிமிஷம் ஆகும்? தமிழில் நாலு வரி எழுதிப் படித்துக் காட்ட எத்தனை நிமிஷம் ஆகும்? டாக்டருக்கு அது ஒரு பிரசுரம், இதழுக்கு ஒரு பக்கம், இந்த வீட்டுக்கு அடுத்த மாசச் சோறு.

இதழுக்கு நான் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதினால் டாக்டருக்குத் தெரியும், உங்களிடம் வருத்தப்படலாம் என்பதையும் சொன்னேன். மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் எழுதுங்க என்றார். பிறகு, யார்மேலும் குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், சொன்னார்: “பேரு போடமாட்டோம்னு சொன்னாங்க, மூஞ்சி வராதுன்னு சொன்னாங்க. அன்னத்தப் பத்தி யாரும் சொல்லலிங்க.”

கடைசியாக அனுப்பியது

மறுநாள் காலை இதழாசிரியருக்கு எழுதினேன். மூன்றாம் படத்தில் இருப்பவர் யாரென்று அவர் ஊரில் பார்த்தவுடனே தெரிகிறது. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. இதை அவர் அனுமதியோடு தெரிவிக்கிறேன் என்று. டாக்டருக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டு, கட்டுரையைத் திருத்தாமல் அவருக்கே திருப்பி அனுப்பினேன்.