சடை யானைக் குட்டியும் எட்டுச் செலவும்

மூடியைத் தூக்கியதும் முகத்தில் வந்தடிக்கும் குளிர்ப்புகையில் மீனும் கறிவேப்பிலையும் சேர்ந்து மணக்கும். வெளிநாடு வந்து நாங்கள் குடியிருந்த செவன் கிங்ஸ் வீட்டின் பின்னறையில் நின்ற அந்தப் பெரிய பிரீசர் நிறைய ஐஸ்கிறீம் பெட்டிகள், ஆனால் ஒன்றிலும் ஐஸ்கிறீம் இருக்காது. 'வனிலா'வுக்குள் முருங்கைக்காயும், 'சொக்லேட்'டுக்குள் அப்பா லீவு நாளில் சமைத்து மிஞ்சிய ஆட்டுக்கறியும் கிடக்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும், சைபீரியாவின் உறைந்த மண்ணுக்குள்ளிருந்து எடுத்த மாமூத் குட்டியொன்றை, அதுதான் அந்தக் காலத்துச் சடை யானை, அப்பாவும் நானும் டிவியில் பார்த்தோம். எத்தனையோ ஆயிரம் வருடம் கிடந்தும் இமைமயிர்கூட உதிரவில்லை. தும்பிக்கைக்குள் அடைத்திருந்த சேற்றை வைத்து அது மூச்சுமுட்டித்தான் செத்தது என்றார்கள். வயிற்றுக்குள் தாய்ப்பால் இருந்ததாம்.

"பாத்தியே, கடைசியாக் குடிச்ச பால் இன்னும் கிடக்கு. எங்கட பிரீசரையும் கிண்டிப் பார், கொம்மா ஒரு யானையை ஒளிச்சு வைச்சிருப்பா" என்றார் அப்பா.

அந்த மாதமே வேலையிடத்தில் நெஞ்சு வலித்து விழுந்த அப்பா திரும்பி வரவில்லை. அவர் கடைசியாகச் சமைத்த கறி ஒரு பெட்டி பிரீசரில் இருந்தது. கரண்ட் போய்விடுமோ, யாரும் மூடியைச் சரியாகச் சாத்தாமல் விடுவார்களோ என்று பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதே யோசனைதான். "அதை எடுக்காதேங்கோ அம்மா" என்றேன். "இல்லைப் பிள்ளை, எடுக்கமாட்டன்" என்றார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அப்பாவின் அக்கா, ஹரோவில் இருக்கும் மாமிதான் காலையிலேயே வந்து குசினிக்குள் நின்றார். அம்மா எழும்பாமல் படுத்திருந்தார். வாழையிலை வாங்கக் கடைக்குப் போன நான் திரும்பி வந்தபோது சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் 'சொக்லேட்' பெட்டி வெறுமையாய்க் கிடந்தது.

"மாமி, அது அப்பா சமைச்சது."

மாமியின் கை அப்படியே நின்றது. "ஐயோ, எனக்கென்னெண்டடி தெரியும்? ஆட்டுக்கறி எண்டாத் தம்பி உயிரை விடுவானெண்டெல்லோ எடுத்தனான்." அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உருகினதை இனி என்ன செய்யேலும், சொல்லு?"

அப்பா சமைத்ததையே அவர் படத்துக்கு முன்னால் படைத்தோம். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினார்கள். "அண்ணையின்ர கை மாதிரியே கிடக்கு, ஆர் வைச்சது?" என்று சித்தப்பா கேட்டு இன்னுமொரு கரண்டி போட்டுக்கொண்டார். அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துக் கனநேரம் மென்றார். "உப்புக் கூட" என்றார், உப்புக் கூடிவிட்டதென்று அப்பாவிடம் சொல்கிற அதே குரலில். எனக்கும் ஒரு துண்டு வந்தது, தின்றேன்.

பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், இப்போது பக்கத்துக் குட்மேய்ஸில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறேன். பெரிய மாமூத்துகளின் பல்லிடுக்கில் இருந்த புல்லையும் பூவையும் வைத்து அவை மேய்ந்த வெளி எப்படியிருந்தது என்றுகூடச் சொல்கிறார்களாம். அந்த வீடு கைமாறிவிட்டது, பிரீசரைக் குப்பை அள்ளும் கவுன்சில்காரர் ஏற்றிப்போனார்கள். லீவு நாளில் ஆட்டிறைச்சி வாங்கி, பெருஞ்சீரகத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்தக் கறியை வைத்துப் பார்க்கிறேன். அம்மா ருசி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.

உப்புக் கூட என்றுகூடச் சொல்வதில்லை.