ஏழு முடியட்டும்

1988 ஆனியில் தேன்மொழிக்கு நாலு வயது முடிந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்து என்று சொல்லிச் சேர்த்தார்கள். நெருப்பெரிச்சல் ஊரில் அன்றைக்கு அதைப் பொய் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அப்பா வெள்ளியங்கிரி, ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா பழனாத்தாள் அதே கம்பெனியில் செக்கிங். காலை எட்டரைக்கு இருவரும் கிளம்பிவிட்டால் லைன் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் டீச்சர். எட்டவில்லை. பழனாத்தாள் பிள்ளையின் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

“இப்புடிச் சாய்ச்சா தொட்டில்ல கெடக்கறதுகூடத் தொட்டுருமுங்க அம்மிணி” என்று டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு வயதைக் கூட்டி, ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிக்கொண்டார்.

அந்த வருடமே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைச் சோதிக்க வந்த டாக்டர், மற்றவர்கள் நெஞ்சில் வைத்து எடுத்த குழாயைத் தேன்மொழி நெஞ்சிலிருந்து எடுக்கவேயில்லை. கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே படம் பிடித்துப் பார்த்த பெரிய டாக்டர், இதயத்தில் சின்ன ஓட்டை என்றார். “சில குழந்தைகளுக்குத் தானா மூடிக்கும். ஏழு வயசு முடியட்டும், பார்ப்போம். மூடலைன்னா ஆபரேஷன்.” சீட்டில் பள்ளிக்கூடத்து வயதே ஏறியது. ஆபரேஷன் என்ற சொல்லுக்குப் பிறகு இருவர் காதிலும் வேறெதுவும் விழவில்லை.

மறுநாள் கம்பெனியில் பழனாத்தாளால் மேஜையில் நிற்க முடியவில்லை. துணியில் குறை தேடும் செக்கிங்கில் நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது “ஓட்டை” என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டாள். நாலாம் நாள் சூப்பர்வைசரிடம் கெஞ்சி பேக்கிங்குக்கு மாறிக்கொண்டாள். காரணம் கேட்டதற்கு, கண் வலி என்றாள்.

அதன்பின் தேன்மொழி ஓடக் கூடாது. கயிறு தாண்டக் கூடாது. மழையில் நனையக் கூடாது. தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே பழனாத்தாள் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். “ஏத்தா, புள்ள வளக்குறியா, முட்ட அடகாக்குறியா?”

கம்பெனியில் எப்போதும் அடுத்த பருவம்தான். சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு, எங்கோ உள்ளவர்களின் குளிருக்குத் தடித்த பனியன் தைத்து அனுப்புவார்கள். வெள்ளியங்கிரி வீட்டையும் அப்படியே நடத்தினார். ஆடி நோம்பியா? ஏழு முடியட்டும். குன்னத்தூரில் மாமனார் வீட்டுப் பொங்கலா? ஏழு முடியட்டும். இருவரும் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு எட்டரைக்கு மேல் வந்தால், பிள்ளை ஒச்சம்மாள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கும். நாள்காட்டித் தாளை எல்லோரும் காலையில் கிழிப்பார்கள். வெள்ளியங்கிரி கையில் பிடிபட்ட வாரங்களை மொத்தமாகக் கிழித்தெறிய ஆரம்பித்தார். பிள்ளையின் வயதையும் பள்ளிக்கூடத்துக் கணக்கிலேயே சொன்னார். அது ஒரு வருடம் சீக்கிரம் முடியுமே.

1990 ஜூனில் அந்தக் கணக்குப்படி ஏழு முடிந்தது. மூவரும் கோயமுத்தூர் போனார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “போன தடவைக்குச் சுருங்கியிருக்கு. ஆனா இன்னும் மூடலை. ஏழு முடிஞ்சிருச்சு, எடையும் வயசுக்குக் கம்மியா இருக்கு. ஆபரேஷனுக்கு எழுதிடலாமா?”

“எழுதிருங்க சாமி” என்றார் வெள்ளியங்கிரி. குரல் அவருடையது மாதிரியே இல்லை. “இந்த மாசமே பண்ணிருங்க.”

டாக்டர் பேனாவைத் திறந்தார். “ஒரு வயசு சின்னவளா இருந்தா இன்னும் பொறுத்துப் பார்க்கலாம்னு சொல்லியிருப்பேன்” என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

பழனாத்தாள் பேனாவையே பார்த்தாள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பொய். இப்போது ஆஸ்பத்திரியிலும் பொய். பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ, பிள்ளையைப் பள்ளியைவிட்டுத் துரத்திவிடுவார்களோ? பேனா காகிதத்தில் பட்டது.

“சாமி, அவளுக்கு ஆறுதானுங்க.”

வெள்ளியங்கிரி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். “பேசாம இரு புள்ள.”

“இல்லீங்க. இஸ்கூல்ல ஒரு வருசம் ஏத்திச் சொல்லிப்போட்டமுங்க. ஊட்டுல பாத்துக்க ஆளில்லீங்க. போன வாரந்தானுங்க ஆறு முடிஞ்சுது.”

டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். “ரெண்டு வருசமா இதை எங்கிட்டச் சொல்லத் தோணலியா? நெஞ்சை அறுக்கிற காரியம்மா இது!” பிறகு படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “ஆறுன்னா எடை பரவால்ல. ஒரு வருசம் பார்ப்போம். உதடு, நகம் நீலம் பூத்தா உடனே தூக்கிட்டு வரணும். மத்தபடி விளையாடட்டும்.”

“ஓடலாமுங்களா?”

“ஓடக் கூடாதுன்னு யார் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. பழனாத்தாள் யோசித்துப் பார்த்தாள். அப்படி யாருமே சொன்னதில்லை.

பஸ் அவிநாசியைத் தாண்டியது. வெள்ளியங்கிரி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “இன்னொரு வருசம் என்னால முடியாது பழனா. முடிஞ்சுபோனாத் தேவலைன்னு இருந்துது எனக்கு.”

“எனக்கு மட்டும் பயமில்லீங்களா? பயந்துக்கிட்டே இருப்போம். அதுக்கு அவளை ஏனுங்க கட்டிப்போடோணும்?”

தேன்மொழி இருவர் மடியிலும் காலையும் தலையையும் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு இருவரும் லீவு போட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடைப் பள்ளத்தோரப் புளியமரத்தில் தூரி கட்டி ஊஞ்சலாடினார்கள். தேன்மொழியை முதல் தடவை தூரியில் உட்கார வைத்தபோது பழனாத்தாள் கயிற்றை விடவில்லை. “உடு அம்மா! நீ புடிச்சா எப்புடி ஆடறது?” தேன்மொழி சிணுங்கினாள். பின்னால் நின்ற பிள்ளைகளும் கத்தின. விட்டாள். பாவாடை மேலே போய் மேலே போய் வந்தது. பழனாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

டீக்குடிக்கப் போன வெள்ளியங்கிரியைத் தேடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மறுபடி பார்க்கையில் தூரியில் வேறு பிள்ளை. தேன்மொழியைக் காணவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பள்ளத்துக்கு அந்தப்பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள் தேன்மொழி. உதடு நீலம். நகமும் நீலம்.

பழனாத்தாள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கையிலிருந்த டம்ளரை எறிந்துவிட்டு எதிரே வெள்ளியங்கிரி ஓடி வந்தார்.

“கீழ எறக்கி உடு அம்மா!” தேன்மொழி உதைத்தாள். “நசுங்குது! எல்லாம் நசுங்குது!”

“எங்க கண்ணு நசுங்குது? நெஞ்சுலயா?”

“பழம்!”

பாவாடை மடிப்பிலிருந்து நாவல்பழங்கள் ரோட்டில் உருண்டன. பள்ளத்து மரத்தடியில் பொறுக்கியது. நாக்கை நீட்டிக் காட்டினாள். அதுவும் கத்தரிப்பூ நிறம்.

வெள்ளியங்கிரி அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். மகளிடம் கையை நீட்டினார். “எனக்கொண்ணு குடு” என்றார். பழனாத்தாள் மண்ணைத் துடைத்து ஒன்றை வாயில் போட்டாள். துவர்த்தது. பின்னாலேயே செருப்பை எடுத்துக்கொண்டு வந்த ஒச்சம்மாள், “ஆபரேசன் அவளுக்கு வேணாம்த்தா, ஒங்க ரெண்டு பேருக்குத்தான் பண்ணணும்” என்றாள்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தபோது பழனாத்தாளுக்கு அது இன்னும் கூடியது. தீபாவளிக்கு முன்னால் சரக்கு போயாக வேண்டும். சூப்பர்வைசர் மேஜை மேஜையாக வந்து ஆள் கேட்டார்.

“பழனாக்கா, இந்த வாரம் பூரா ஒன்றரை போட்டுருங்க.”

“இல்லீங்க. அஞ்சரைக்குப் போயிருவனுங்க.”

“ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்பு செரியில்லீங்களா?”

“நல்லாத்தானுங்க இருக்கறா” என்றாள் பழனாத்தாள், சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டே. “அதுக்குத்தான் போறனுங்க.”

வெளியே தூறல். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். லைன் வீட்டு முக்கு திரும்பி, தேன்மொழி யாருடனோ சண்டை போடும் சத்தம் காதில் விழும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, எல்லா நாளும் போல.