சிவப்புப் பொட்டு வைத்த இசைத்தட்டு

போன மாதம் என் அக்காவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் ஒரு தம்பி, ஒரு சாணுக்கும் சற்றே சிறிய ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரல் தட்டின் முகத்தில் படவே இல்லை. ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதைப்போல அவர் பார்க்க, அக்காவும் மாமாவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். நடுவிலிருந்த காகித வட்டத்துக்கு வந்ததும் அவர் முகம் சுருங்கியது. “இந்தச் சிவப்புப் பொட்டு மட்டும் இல்லாம இருந்தா இன்னும் பத்தாயிரம் சேர்த்துக் கொடுத்திருப்பேன்மா. நகப்பூச்சு மாதிரி இருக்கே, யார் வச்சது?” என்றார். “நான்தான்” என்றாள் அக்கா. எண்பத்திரண்டு வயதில் அவள் வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

எழுபதுகளில் ராயபுரத்தில் மைக் செட் வாடகைக்கு விட்ட ஒரே பெண் என் அக்காதான். அந்தத் தொழிலை அப்பா தொடங்கினார். ஒரு மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், செட்டை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. காசிமேட்டிலிருந்து டோல்கேட் வரைக்கும் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் ஒரு ரிக்‌ஷாவில் ஆம்பிளிஃபயரும் கூம்பு ஸ்பீக்கர்களும் போகும். பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில், இசைத்தட்டுகள் நிறைந்த தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா போவாள். வேறு செட்டுக்காரர்களின் தட்டுகளோடு கலந்துவிடக் கூடாது என்று தன்னுடைய ஒவ்வொரு தட்டிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்பாள். நகத்தில் பூசிக்கொண்டதே இல்லை. வருஷத்துக்கு ஒரு புட்டி, முழுக்கத் தட்டுகளுக்கே தீர்ந்துவிடும்.

கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பாட்டு போடுவதில் அவளுக்கு நிகர் கிடையாது. சம்பந்திகள் உரசிக்கொள்வது தெரிந்தால் சட்டென்று ஒரு நையாண்டிப் பாட்டு வரும். பந்தியில் சாம்பார் தாமதமானால் நீளமான பாட்டாகப் போடுவாள். மற்றவர்களின் கல்யாணங்களிலேயே அவளுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. அவளுக்கு ஒரு கல்யாணம் வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. என்னைப் படிக்க வைத்ததும், திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவளுக்கென்று ஏதாவது வேண்டியிருக்குமா என்று நானும் கேட்டதில்லை. இதை எழுதும்போதுகூட அது உறுத்துகிறது.

அந்த வருஷம்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர், அண்ணன் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குச் செட்டு வேண்டும் என்று வந்தார். அடுத்த மாதம் தங்கை குழந்தையின் ஞானஸ்நானம். அதற்கடுத்த மாதம் தாத்தாவின் பிறந்தநாள். ஒவ்வொரு முறையும் விருந்தினரைக் கவனிக்காமல், அக்கா பாட்டு போடும் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். நான்காவது முறை வந்தபோது நானும் வாசலில் இருந்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, “எங்க வூட்டு ஆடு குட்டி போட்டுகீது. ரெண்டு குட்டி. அதான் சொம்மா வுடக்கூடாதுன்னு...” என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆட்டுக்கு இன்னா பாட்டு புடிக்கும்?”

“நீ இன்னா போட்டாலும் கேக்கும்.”

அக்கா செட்டு தரவில்லை. ஆனால் அவர் போன பிறகு தட்டுகளைத் துடைத்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு காகித உறையோடு வந்தார். ஏதோ கப்பலில் வந்த மாலுமி ஒருவனுக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுத்து, பதிலுக்கு வாங்கி வந்த இசைத்தட்டு. அதில் இருந்தது எந்த ஊர் எழுத்து என்றே தெரியவில்லை. “கேட்டுட்டுத் திருப்பிக் குடு. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். நாங்கள் அதைப் போட்டுக் கேட்டோம். ஒரு பெண் பாடினாள், பின்னால் ஏதோ ஒரு வாத்தியம் விடாமல் முனகியது. “எப்டிக்கா கீது?” என்று கேட்டேன். அக்கா எழுந்தாள். அலமாரியைத் திறந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்தாள். தட்டின் நடுவில், எழுத்து மறையாத இடமாகத் தேடி, ஒரு பொட்டு வைத்தாள். அது காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் அவர் வந்து தட்டைக் கேட்டார். அக்கா உறையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் பொட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் பொட்டைப் பார்த்தார். பிறகு தட்டை ஜாக்கிரதையாக மேசைமேல் வைத்துவிட்டு, “அப்ப நான் எங்க அம்மாவ இட்டுகினு வரேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு செருப்பை எங்கள் வாசலிலேயே மறந்துவிட்டுப் போனார்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு மாதவரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்த நேரம் அது. “முப்பத்திரண்டு வயசுல இவ மணவறைல குந்தினா, தெருவே சிரிக்கும். சின்னவளுக்கு வந்த இடமும் வுட்டுப் போயிடும்” என்று அழுதாள். அக்கா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைய கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. “அக்கா கல்யாணம் ஆகாம நான் கட்டிக்க மாட்டேன். மாதவரத்துக்கு நீயே சொல்றியா, நான் லெட்டர் டைப் அடிச்சு அனுப்பட்டுமா?” என்றேன் அம்மாவிடம். நான் டைப் அடித்து அனுப்பிவிடுவேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், மாப்பிள்ளை மறந்துபோன செருப்பை எடுத்துத் துடைத்து வாசலில் நேராக வைத்தாள். அதுதான் அம்மாவின் சம்மதம். மாதவரத்துக்காரர்கள் காத்திருந்தார்கள், அவர்கள் ஒன்றும் சொல்லவே இல்லை.

மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். தெருவில் பந்தல் போட்டாகிவிட்டது. மைக் செட்டுக்காரியின் கல்யாணத்துக்கு யார் மைக் செட் வைப்பது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. வேறு செட்டுக்காரரை அழைக்க அக்கா சம்மதிக்கவில்லை. “நீ போடு” என்று என்னிடம் சொல்லிவிட்டாள். எந்தத் தட்டுக்குப் பிறகு எந்தத் தட்டு என்று நான் காகிதத்தில் டைப் அடித்து வைத்துக்கொண்டேன். கோயிலிலிருந்து மணமக்கள் பந்தலுக்குள் நுழையும்போது அந்தக் கப்பல் பாட்டுதான் வர வேண்டும். அவர்கள் நுழைந்தார்கள். ஊசியை வைத்தேன். தட்டின் வேகத்தைக் கவனிக்கவில்லை; அதற்கு முன் போட்டிருந்த, இன்னும் வேகமாகச் சுற்றும் பழைய பெரிய தட்டின் வேகத்திலேயே அது சுற்றியது. நான்கு கூம்பு ஸ்பீக்கரிலும் அந்தப் பெண் அணில் குஞ்சைப்போலக் கீச்சுக்கீச்சென்று கத்தினாள். பந்தல் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் பாதிரியார் உட்பட எல்லாரும் சிரித்த சிரிப்பு, கடற்கரை வரை கேட்டிருக்கும்.

நான் எதையெதையோ திருகிக்கொண்டிருந்தேன். நெருங்கி வந்த பட்டுச்சேலையின் சரசரப்பு கேட்டது. மாலையும் முக்காடுமாக அக்கா மேசைக்கு வந்துவிட்டாள். வேகம் மாற்றும் குமிழை ஒரே திருகில் சரிசெய்தாள், ஊசியைத் தூக்கி முதலில் வைத்தாள். “தள்ளு. நீ போய்ப் பந்திய பாரு” என்றாள். பிறகு மணமேடைக்குத் திரும்பிப் போகவே இல்லை. மாமா மேடையில் தனியாக ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் இரண்டு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். அன்று வந்தவர்கள் எல்லாரும் இசைத்தட்டுப் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றுதான் வாழ்த்துச் சொன்னார்கள். சிரிப்பார்கள் என்று அம்மா பயந்த தெரு சிரிக்கத்தான் செய்தது. அம்மாவும் கூடச் சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கேசட் வந்தது, செட்டு போனது. தகரப் பெட்டியும், தட்டு போட ஒரு சின்ன பிளேயரும் மட்டும் கட்டிலுக்கடியில் இருந்தன. அக்காவின் பேத்தி தட்டுகளைப் படமெடுத்து இணையத்தில் எங்கோ போட, அந்தத் தம்பி வந்து சேர்ந்தார். சினிமாத் தட்டுகளெல்லாம் தேய்ந்துவிட்டன, பெரிய விலை போகாது என்றார். “தேயாம? ஊரே ஆடிச்சே” என்றாள் அக்கா. ஆனால் அந்தக் கப்பல் தட்டு ஏதோ ஒரு சிறிய கம்பெனி கொஞ்சமே அச்சடித்தது, உலகமெங்கும் தேடுகிறார்கள், நாற்பதாயிரம் தருகிறேன் என்றார்.

“வாங்கறவங்க போட்டுக் கேப்பாங்களா தம்பி?”

“கேட்டா தேய்ஞ்சிடும்மா. உறையில போட்டுப் பத்திரமா வச்சுப்பாங்க.”

அக்கா மாமாவின் காதருகே குனிந்து, “குடுத்துடட்டுமா?” என்று உரக்கக் கேட்டாள்.

மாமா தயங்கினார். “உனக்குப் புடிச்ச பாட்டாச்சே.”

“எனக்கா? உனக்குப் புடிக்கும்னுதானே வருஷா வருஷம் கல்யாண நாளுக்குப் போட்டுகினு கீறேன்!”

“எனக்கு எங்க புடிச்சிது? அந்த மாலுமிகிட்ட வேற தட்டே இல்ல. நீ பொட்டு வெச்சதால நானும் வாய மூடிகினு கேட்டேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கத் தொடங்கின. மாமாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “அம்பது வருஷம்! அம்பது வருஷம் வாத்தியம் முனகுது, நீ கண்ண மூடிகினு தலைய ஆட்டுற!” என்று அக்கா அவர் முதுகைத் தட்டினாள், தட்டினாளா அடித்தாளா என்று சொல்ல முடியாது. அந்தத் தம்பியைப் பார்த்து, “எடுத்துகினு போ, ராசா” என்றாள்.

“சரி, உனக்கு இன்னாதான் புடிக்கும்?” என்று மாமாவிடம் கேட்டாள். மாமா கைத்தடியை ஊன்றி எழுந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தகரப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு தட்டை எடுத்து நீட்டினார். “இதுவா? சீ!” என்றாள் அக்கா. அவர் இன்னொன்றை எடுத்தார். இருவரும் சண்டை போடத் தொடங்கினார்கள். அந்தத் தம்பி பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்.