டாக்டரம்மா திருப்பி அனுப்பிய சக்கரங்கள்

மலைமேல் இருக்கும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முன்னால், பலாமரத்தடியில், ஒரு பக்கச் சக்கரங்கள் இரண்டும் இல்லாமல் கருங்கற்களின் மேல் டாக்டரம்மாவின் கார் நின்றிருந்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாடு என்று இங்கே சொல்லும் மலையூர்த் தொகுதிகளான தேவனூர் நாட்டிலிருந்தும் பெரக்கரை நாட்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மழைக்குப் பிந்தைய ஒரு காலையில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் சரிந்து கிடந்த பாறைத் துண்டில் ஏறி, அந்த இரண்டு சக்கரங்களின் ரிம்களும் நசுங்கிவிட்டன. ஒன்றில் விரிசலே விழுந்திருந்தது. செம்மேட்டு மெக்கானிக் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார். விரிசல் விட்டதைத் தட்டினால் இன்னும் பெரிதாகும் என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார்.

அவர் கரூர்ப் பக்கத்துக்காரர். நான் ராசிபுரத்திலிருந்து வந்த செவிலி. மலையில் நாங்கள் இருவரும் வெளியூர்க்காரர்கள் என்பதால் ஒரே குடியிருப்பின் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். டாக்டரம்மாவுக்கு மெலிந்த உடம்பு, சத்தமில்லாத பேச்சு. யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மனம் தெளியும்வரை ஓர் அங்குலம் நகரமாட்டார்.

அக்கா கார் இல்லாமல் திண்டாடுகிறாள் என்று கேள்விப்பட்ட டாக்டரம்மாவின் தம்பி, சென்னையிலிருந்து நான்கு புதுச் சக்கரங்களை அனுப்பிவைத்தார். பழையதைவிட அகலமானவை, வெள்ளி மாதிரி மின்னுபவை. அவற்றுக்கேற்ற டயர்களும் மாட்டியே வந்திருந்தன. மெக்கானிக் அரை மணிக்குள் பொருத்திவிட்டார். கல்யாணத்துக்கு ஜோடித்தது போல இருந்த காரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். டாக்டரம்மா மட்டும் தட்டவில்லை. தனியாக ஏறி வளாகத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார். ஒரு சத்தமும் இல்லை. இறங்கி வந்து, "சிஸ்டர், எல்லாரும் கொஞ்சம் வண்டியில ஏறுங்க" என்றார்.

நான் ஏறினேன். மருந்தாளுநர் ஏறினார். ரத்தப் பரிசோதனை செய்கிற பெண்ணும், வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரும் ஏறினார்கள். பெரியவரின் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளும் டிக்கிக்குள் போயின. "ஏனுங்க டாக்டரம்மா, எங்கீங்க போறோம்?" என்று அவர் கேட்டார். "எங்கயும் போகலைங்க ஐயா. சும்மா ஒரு சுத்து" என்று சொல்லி, டாக்டரம்மா ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, சரிவில் மெதுவாக இறக்கினார். கர்ர்ரென்று கீழே ஓர் அரைக்கும் சத்தம். பெரியவர் கால்களை மேலே தூக்கிக்கொண்டார்.

டாக்டரம்மா சுடிதாரோடு மண்ணில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரம் பழையதைவிட வெளியே தள்ளி நின்றது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்ததும், திரும்பும்போது டயர், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டின் விளிம்பில் உரசியிருந்தது. ரப்பரில் புதுக்கீறல். பிறகு ஒரு சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, அதன் நடுத்துளைக்குள் விரலை விட்டுக் காட்டினார். காரின் அச்சு முனையில் கச்சிதமாக உட்கார வேண்டிய துளை, சற்றே பெரிதாக இருந்தது.

"நட்டு புடிச்சுக்கும் மேடம். எல்லாரும் இதத்தான் போடறாங்க" என்றார் மெக்கானிக்.

"கீழ சமதரையில ஓடறவங்களுக்கு எப்படியோ. நமக்கு ஒவ்வொரு வளைவுலயும் மொத்த பாரமும் ஒரு சக்கரத்து மேல வரும். நடுவுல அது சரியா உக்காரணும். கழட்டிருங்க."

"தம்பி ஆசையா அனுப்பினது, மனசு கஷ்டப்படுவாரே" என்று நான் சொன்னேன். "அவன்கிட்ட போன்ல பேசிச் சமாதானம் பண்ணிடலாம் சிஸ்டர்" என்றார். சக்கரங்கள் வந்த வழியே திரும்பிப் போயின. கார் மறுபடியும் கல்லின் மேல் ஏறியது. அவர் பஸ்ஸில் போய்வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார். கார்க் கம்பெனி சொல்லும் அளவிலேயே ஆன சக்கரங்கள் வந்துசேரப் பல வாரங்கள் ஆயின. வந்ததும் துளை, அகலம், நட்டு உட்காரும் பள்ளம், டயர் தாங்கும் பாரம் என ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்தார். மறுபடியும் எங்களை ஏற்றிச் சுற்றினார். ஒருமுறை கீழே போய்வந்த பிறகு, எல்லா நட்டுகளையும் தன் கையாலேயே மீண்டும் முறுக்கினார்.

அதன்பின் வந்த ஐப்பசியில், பெரக்கரை நாட்டுப் பெண் ஒருத்திக்கு எங்கள் நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. கொடுக்க வேண்டிய மருந்தையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இனி கீழே உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு கீழே இறங்கியிருந்தது. அது திரும்பி ஏறும்வரை காத்திருக்க நேரமில்லை. டாக்டரம்மா கார்ச் சாவியை எடுத்தார்.

பின்னிருக்கையில் அவளைப் படுக்க வைத்து, கீழே முட்டி போட்டு அவள் அடிவயிற்றை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடி விட்டால் ரத்தம் பெருகும். அவள் தலைமாட்டில் அவளுடைய அக்கா, குழந்தையோடு. முன்னால் கணவன். வெளியே பனிமூட்டம் வெள்ளைச் சுவராக நின்றது. ஒவ்வொரு வளைவிலும் அது சட்டென்று விலகி, அடியில் சமவெளி முழுக்கத் தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். டாக்டரம்மா தாழ்ந்த கியரிலேயே வண்டியைப் பிடித்து, ஹாரன் அடித்தபடி இறக்கினார். ஓர் ஒடுங்கிய வளைவில் திடீரென்று மேலேறும் பஸ் முகம் காட்டியது. அவர் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். மொத்த வண்டியும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. நான் மூச்சை அடக்கி அந்த அரைக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. பாறையோரமாகச் சக்கரங்கள் வழுவாமல் திரும்பின. என் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

எத்தனையோ பிரசவங்களையும் மரணங்களையும் அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் மலையின் அந்த மடிப்பில் எனக்கு வந்த மலைப்பு வேறு எங்கும் வந்ததில்லை. இந்தப் பெண்ணின் முகம் தெரிவதற்கு எத்தனையோ மாதம் முன்பே, இவளுக்காக ஒருத்தி மண்ணில் படுத்துப் பார்த்திருக்கிறாள்.

மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள், சாயங்காலத்துக்குள் அவள் கண் திறந்து குழந்தையைக் கேட்டாள். கணவன் வெளியே வந்து டாக்டரம்மா முன் நின்றான். "மலை எறங்குனதே தெரியலீங்க சாமி" என்றான்.

இன்று அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகிறாள். டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். நான் மலையிலேயே இருக்கிறேன். அவரை நினைத்தால் அன்று சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனைப் படியில் உட்கார்ந்திருந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளர் அவர் கைக்குப் போனதுமே டீ தளும்பிப் புடவையில் கொட்டியது. "பாருங்க சிஸ்டர், இப்பத்தான் பயம் வருது" என்று சிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவர் குழந்தையைப் போல அதைக் குடித்தார்.