அஞ்சு நிமிஷ ஐயா

அச்சகத்துக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைக்கிறார், முள் என் பக்கம் தெரியும்படி. அதற்கப்புறம்தான் வணக்கம், அதற்கும் அப்புறம்தான் நாற்காலி. எங்கள் சுவர்க் கடிகாரம் நின்று வருஷக்கணக்காகிறது. ஆகவே அவர் வந்த சத்தம் கேட்டதுமே மிஷின் ஓட்டுபவர் உள்ளேயிருந்து, "ஐயா, நேரம் என்ன?" என்று குரல் கொடுப்பார். இவரும் ஆயிரம் பேருக்குப் பிரசங்கம் செய்வதுபோல மணியை அறிவிப்பார்.

சபைக்கு அவர் போதகர். மற்றவர்களுக்கெல்லாம் அஞ்சு நிமிஷ ஐயா. பயம் வந்தால் ஓடவும் வேண்டாம், அதோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்து ஐந்தே நிமிடம் அதன் பக்கத்தில் உட்காருங்கள் என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பதினொரு பதிப்பு ஓடிவிட்டது. வண்டி ஓட்டும் தேர்வுக்கு நிற்கிற வரிசையில் பாருங்கள், நாலு பேராவது மணிக்கட்டை முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், ஐயா புத்தகம் படித்திருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுத்தான் ஊசியையே எடுக்கிறார். நான் மெய்ப்புத் திருத்துகிறவள், எழுதுகிறவர்களை லேசில் நம்பும் ரகம் இல்லை. பல் பிடுங்கப் போன அன்று நம்பினேன்.

ஆள் குள்ளம். உற்சாகம் வந்தால் குதிகால் தரையில் பாவாது. தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்துவிட்டு, பிறகுதான் அதைச் சொல்வார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், எழுதுவது ஒன்றுதான். எது என்று கண்டுபிடிக்க மூன்றையும் என் மெய்ப்புத் தாளில் கிறுக்கிப் பார்ப்பார். அவருடைய ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியதில்லை. "வந்துரு ராசா, உன்னால முடியும்" என்று அதற்கும் ஒரு அத்தியாயம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி உதைப்பார்.

இந்த மனிதருக்கும் ஒரு மேலதிகாரி உண்டு. அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். செய்யாததை எழுதக் கூடாது என்பது அந்த அம்மாள் போட்ட சட்டம். கையெழுத்துப் படியை முதலில் அவர்தான் படிப்பார். கணவர் தான் செய்து பார்க்காத புத்திமதி எதுவாக இருந்தாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் விழும். 'காலையில் எழுந்ததும் போனைத் தொடாதீர்கள்' என்ற வரிக்கு வட்டம் விழுந்து, ஐயா ஒரு வாரம் போனைச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கினார். 'தினமும் ஒருவரைப் பாராட்டுங்கள்' என்ற வரிக்கு இரட்டை வட்டம். அதை எப்படிச் சரிக்கட்டினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வட்டம் இருக்கிற பக்கம் மிஷினுக்குப் போகாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை பன்னிரண்டாம் பதிப்பு அச்சேற வேண்டிய நாள். நாலு மணிக்கு மிஷின் காத்திருக்கிறது. மதியம் இரண்டரைக்கு ஐயாவும் அம்மாளும் வந்தார்கள். புதிதாகச் சேர்த்த கடைசி அத்தியாயத்தின் தலைப்பு, 'மன்னிப்புக் கேட்பதை நாளைக்குத் தள்ளாதீர்கள்'. தலைப்பைச் சுற்றியே ஒரு பெரிய வட்டம். ஐயா கெஞ்சிப் பார்த்தார், எத்தனை ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். அம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"வட்டம் போட்டது நான். அழிக்க வேண்டியது நீங்க. உங்க தம்பியப் பாத்துட்டு வந்து அழிங்க."

தம்பி தச்சர். பட்டறை இங்கிருந்து பத்து நிமிடம்தான். ஆனால் ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம், புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்கம். 'எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர்' என்று தொடங்கும். வேலை இல்லாமல் போய், வருகிறவர்கள் முகத்தில் விழிக்கப் பயந்து பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதவர், கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு கதவைத் திறந்தார் என்று போகும். வருகிற கடிதங்களில் பாதி அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். பெயர் போடவில்லையே என்பது ஐயாவின் கட்சி. போதகருக்குத் தெரிந்த தச்சர் யார் என்று தெரியாதவர் அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? அலமாரி செய்யச் சொல்ல வந்த ஒரு அம்மாள், அளவு கொடுத்துவிட்டு, "தைரியமா இருங்க தம்பி" என்று முதுகில் தட்டியிருக்கிறார். அன்றைக்கு அண்ணன் வீட்டு வாசலில் நின்று தச்சர் சொன்னது ஒரே பேச்சு: "நான் சாத்தி வச்ச கதவ நீ தெருவுக்குத் தெறந்து விட்டுட்டியே அண்ணே." அதோடு சரி.

ஐயா ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பயமா இருக்கும்மா. கொஞ்சம் கூட வர்றீங்களா?"

இதைச் சொன்னவர் யார் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கியது, சிரிக்கவில்லை. முப்பத்தேழாம் பக்கத்தின் மெய்ப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். அன்றைக்கென்று வண்டி முதல் உதையிலேயே கிளம்பித் தொலைத்தது.

பட்டறையில் தம்பி ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார், காதில் பென்சில். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. கால் கட்டையான ஒரு மேசைக்கு முட்டுக் கொடுத்து ஒரே மாதிரிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒவ்வொரு பதிப்புக்கும் அண்ணன் அனுப்பிய பிரதி, கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்காமல்.

ஐயா கடிகாரத்தைக் கழற்றி அந்த மேசையில் வைத்தார். நான் ஏன் அதை எழுதினேன் என்றால் என்று பிரசங்கக் குரலில் தொடங்கினார். எத்தனை கடிதம், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். இழைப்புளி அதற்குப் பதில் சொல்வதுபோலச் சர்சர் என்று ஓடியது. மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஐயாவின் குதிகால் மெல்லத் தரைக்கு வந்தது.

"ஒங்கிட்ட கேக்காம எழுதிட்டேன்டா. அது தப்பு. அந்தப் பக்கத்த எடுத்துர்றேன்."

புத்தகத்தின் உயிரே அந்தப் பக்கம். மணி மூன்று பத்து. இழைப்புளி நின்றது. தம்பி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார். மெய்ப்பைக் கொடுத்தேன்.

அவர் அதை இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஏழு வருஷமாக மற்றவர்கள் வாய்வழியாகவே தன் கதையைக் கேட்டவர். நிதானமாகப் படித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"மூணு மாசம்னு போட்டிருக்க. அஞ்சு மாசம்." அடித்துத் திருத்தினார். "அழுதேன்னு இருக்கு. இருக்கட்டும், அழுதேன்தான்." மேலும் படித்தார். பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"கடிகாரத்தப் பாத்து எங்க தெறந்தேன்? நீதான் காலையிலருந்து வெளிய ஒக்காந்து கதவத் தட்டிக்கிட்டே இருந்த. அத ஏன்ணே எழுதாம விட்ட?"

தம்பி அந்தப் பட்டைப் பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: 'வெளியே அவர் அண்ணன் தட்டிக்கொண்டே இருந்தார்.' எழுத்து பெரிசு பெரிசாக, ஒவ்வொன்றும் அளவெடுத்து வெட்டினதுபோல. நான் பார்த்த திருத்தங்களிலேயே ஒரு பிழையும் இல்லாதது அது ஒன்றுதான்.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. தம்பி மறுபடி இழைப்புளியை எடுத்தார். ஐயா வாசலுக்கு ஓடினார், நான் பின்னாலேயே ஓடினேன். வண்டியில் ஏறியதும்தான் கவனித்து, கடிகாரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டீர்களே என்று பதறினேன்.

"தெரியும்மா. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்." வண்டிக் கண்ணாடியில் அவர் முகம் மழையில் நனைந்த பிள்ளையின் முகம்போல இருந்தது.

அச்சகத்தில் அம்மாள் ஓரத்து எழுத்தைப் படித்தார். ரப்பரை ஐயா பக்கம் நகர்த்தி வைத்தார். ஐயா தலைப்பைச் சுற்றியிருந்த வட்டத்தை அழுத்தி அழித்தார், தாள் கிழிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நான் அந்தப் புது வரியை நுழைக்க இடம் தேடி விசைப்பலகையோடு போராடிக்கொண்டிருந்தபோது, மிஷின் ஓட்டுபவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஐயா, நேரம் இருக்கா?"

ஐயா இடது கையைத் தூக்கினார். கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை மட்டும் தெரிந்தது. அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றார்.