பின்னறையில் இருந்த இருவர்

பத்து பெரண்டாம் என்ற ஊரில் புதிதாக எழுந்த தாமான் குடியிருப்புக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டின் பின்னறையில் மகளோடு வாடகைக்கு இருந்த ஒல்லியான பெண், பேசும்போதெல்லாம் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, எனக்கு ஐசி, அதான் அடையாள அட்டை இல்ல, பிள்ளைக்குப் பொறப்புப் பத்திரமும் இல்ல. எங்களையும் எழுதுவீங்களா?"

"இங்க இருக்கிற எல்லாரையும் எழுதணும்மா" என்று இருவர் பெயரையும் படிவத்தில் எழுதினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இதுல ஒரு நகல் குடுத்தீங்கன்னா, அதக் காட்டினா ஸ்கூல்ல சேத்துக்குவாங்கதானே? மூனு ஸ்கூல்ல முடியாதுன்னுட்டாங்க. எட்டு வயசாச்சுண்ணே."

"அதுக்கு இது செல்லாதும்மா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பின்ன எதுக்குண்ணே எங்கள எண்ணுறீங்க?"

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தக் கணக்கை வைத்து இப்போது அந்தத் தாமானுக்குள்ளேயே பள்ளி வந்துவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் அவ்வழியே போனால், வாசலில் அந்தப் பெண் நிற்கிறாரா என்று பார்ப்பேன். இதுவரை கண்ணில் படவில்லை.