கொடிக்கம்பத்தின் அடியில் இருந்த கல்

எங்கள் பள்ளியில் காலைப் பிரேயரில் உறுதிமொழி முடிந்ததும் ஒருவர் செய்தி வாசிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் எனக்குப் புதன்கிழமை. உலகம், நாடு, மாநிலம், மாவட்டம் என்ற வரிசை. மற்றவர்கள் போனைப் பார்த்து எழுதிவருவார்கள். நான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் போடும் இரண்டு பேப்பரையும் படித்துவிட்டு, இரண்டிலும் ஒத்துப்போகிற செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வேன். எதையும் தேதியோடு குறித்துவைப்பது என் பழக்கம். ஊரில் முதல் மழை, எங்கள் மாடு கன்று ஈன்றது, டவுன் பஸ் நேரம் மாறியது எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. இதை எழுதும்போது மட்டும் மாதத்தோடும் கிழமையோடும் நிறுத்திக்கொள்கிறேன். அப்படி ஒரு கசப்பு தேதியின் மேல் வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை தை மாதத்தில் வந்தது. மாநிலச் செய்தியாக நான் வாசித்தது, பொது இடங்களில் இருக்கும் எல்லாக் கட்சிக் கொடிக்கம்பங்களையும் அகற்ற வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு. மைக் அன்று கரகரக்காமல் இருந்தது. சமூக அறிவியல் ஆசிரியர் வகுப்பில் அதையே பிடித்துக்கொண்டார்.

"காலைல நல்லா ஏத்த எறக்கமா படிச்சியே, உன் கருத்து என்னம்மா?"

எழுந்து நின்று சொன்னேன். சாலை எல்லோருக்கும் பொது. ஒரு கட்சி நட்டால் இன்னொரு கட்சி அதைவிட உயரமாக நடும். அதில் சண்டை வரும், கம்பம் மின்கம்பியில் உரசும், உயிர் போகும். எந்தக் கட்சிக்கும் சலுகை இல்லாமல் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னதால் இது நியாயமான உத்தரவு. வகுப்பு கை தட்டியது. நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சாயங்காலம், பள்ளி இருக்கும் கடத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பில் இறங்கினேன். வரிசையாக நான்கு கொடிக்கம்பங்கள். மூன்றாவது கம்பத்தின் பீடத்தில் கருப்பு கிரானைட் கல். அதில் என் அண்ணனின் பெயர்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான். கட்சி மாநாட்டுக்கு ஊரிலிருந்து இரண்டு வேன் போனது. அவனுக்குக் கட்சியைவிட வேனும், பிரியாணியும், கூட்டாளிகளும் முக்கியம் என்று நினைக்கிறேன். திரும்பிவரும் வழியில் வேனின் பின்படியில் நின்று கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தவன், ஒரு வேகத்தடையில் விழுந்துவிட்டான். மறுநாள் காலை, சூரியன் வந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தான். காரியம் முடிந்த கையோடு கட்சிக்காரர்கள் கொடிக்கம்பத்தின் பீடத்தைப் புதிதாகக் கட்டிக் கல்லைப் பதித்தார்கள். அவன் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. கீழே "மாநாடு சென்ற எங்கள் தம்பியின் நினைவாக".

இறந்த தேதி தவறு. அவர்கள் பொறித்தது மாநாட்டுத் தேதி. அன்று அவன் உயிரோடு இருந்தான். மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்து, கூட்டத்தில் செருப்பு அறுந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தான்.

எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர் அப்பாவுக்குப் பெரியப்பா மகன். எனக்குப் பெரியப்பா முறை. கல் வைத்த வாரமே அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மாநாட்டு நாளுதான் பாப்பா சரித்திரத்துல நிக்கும். ஆஸ்பத்திரில செத்த நாள யாரு ஞாபகம் வெச்சிக்குவாங்க?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, எலெக்சன் முடியட்டும், வேற கல்லு போட்டுடலாம்" என்றார்.

தேர்தல்கள் வந்தன, போயின. ஒவ்வொன்று முடிந்ததும் நான் நினைவுபடுத்தினேன். எங்கள் மாவட்டத்தில் வயலிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும்கூட இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு என்று பொறித்திருப்பதைப் படித்திருக்கிறேன். கிரைண்டர் மிஷினில் எழுத்து வெட்டுகிற காலத்தில் ஒரு நாளைச் சரியாக வெட்ட முடியவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை.

அம்மாவுக்குத் தேதி ஒரு பொருட்டாக இல்லை. கட்சியும் அப்படித்தான். அந்தக் கொடியின் நிறங்களை மேலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னால் அவளுக்குத் தெரியாது. பால் சொசைட்டி பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கிறது. தினமும் காலையில் பாலை ஊற்றிவிட்டு, குழாயில் கேனை அலசி, இரண்டாம் அலசல் தண்ணீரைக் கல்லின் மேல் விசிறி முந்தானையால் துடைப்பாள். லாரிப் புழுதி போய் எழுத்து தெரியும். அந்த நேரத்தில்தான் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வந்து நிற்பார்கள். எழுத்துக் கூட்டக் கற்கிற வயசு. கண்ணில் படுவதை எல்லாம் சத்தமாகப் படிப்பார்கள். சோப்பு விளம்பரம், பஸ் போர்டு, பிறகு கல். ஒவ்வொரு எழுத்தாக என் அண்ணன் பெயரைச் சொல்லி, கடைசியில் சேர்த்து ஒரு கூச்சல் போடுவார்கள். அம்மா காலிக் கேனைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

உத்தரவைப் பற்றி நான் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலை டீக்கடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேப்பர் பார்க்கப் போன நானும் அங்கே இருந்தேன். டீக்கடைக்காரர் எதிர்க்கட்சி. அம்மா அவரை அண்ணா என்பாள், எனக்கு மாமா. பெரியப்பாவும் அவரும் பேச ஆரம்பித்தால் கடைக்குக் கூட்டம் சேரும்.

"உங்க கம்பத்துலதான் மச்சான் மொதல்ல கை வெப்பாங்க. துரு புடிச்சிப்போய் தானா சாயுது" என்றார் மாமா.

"யோவ், உங்க கம்பத்துல காக்கா உக்காந்து பாத்திருக்கியா? அதுக்கே தெரியுது தோக்கற கட்சின்னு."

"காக்கா ஓட்டுதான் உங்களுக்கு விழுந்துது போன தடவ."

எல்லோரும் சிரித்தார்கள். கேனோடு நின்றிருந்த அம்மா பெரியப்பாவிடம் கேட்டாள்: "ஏனுங்க மாமா, கம்பத்த எடுத்தா கல்லையுமா எடுத்துடுவாங்க?"

பெரியப்பா டீ டம்ளரைப் பார்த்தார். பதில் சொன்னது டீக்கடை மாமாதான். "அதெல்லாம் நம்மூர் வரைக்கும் வராதும்மா. மேல்முறையீடு, அது இதுன்னு போயிடும்."

அன்று வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டாள்.

"நீதான் பள்ளிக்கூடத்துல நியூஸ் படிக்கிறியே. கல்லப் பத்தி அதுல எதுனா போட்டிருக்குதா?"

"கல்லுன்னு இல்லம்மா. கம்பத்த எடுக்கறதுன்னா பீடத்தோடதான் எடுப்பாங்க."

"இத நீ படிச்சியா, எல்லாரு முன்னாடியும்?"

"படிச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரியான உத்தரவுன்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நானும் அதான் சொன்னேன்."

விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள். "ரோட்டுக்கு எடஞ்சல்தான அது?"

"ஆமாம்மா."

"அப்ப சரிதான்" என்றாள். கோபித்திருந்தால் எனக்கு ஏதாவது பேசக் கிடைத்திருக்கும்.

அதன் பிறகு பல மாதங்கள் அந்தச் செய்தியின் பின்னாலேயே போனேன். மேல்முறையீடு, அவகாசம், மறுபடியும் உத்தரவு. எந்தக் கட்சி ஆள வேண்டும், யார் யாரோடு சேர வேண்டும் என்று மற்றவர்கள் பேப்பரைப் புரட்டும்போது, நான் ஏழாம் பக்கத்தின் மூலையில் நான்கு வரியைத் தேடினேன். செய்தியை அதுவரை நான் மேலிருந்து கீழாகப் பார்த்துவந்தேன். உலகம் முதலில், மாவட்டம் கடைசியில். எங்கள் ஸ்டாப் அந்த வரிசையில் எங்கேயும் இல்லை. அண்ணன் இறந்தபோதும் மாநாட்டுச் செய்தி முதல் பக்கம் முழுக்க வந்தது. வேனில் இருந்து விழுந்தவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய பேப்பர்களை நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவன் பெயர் எழுத்தாகி யாரும் படிக்கும்படி இருந்தது அந்தக் கல்லில் மட்டும்தான்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தார்கள். ஜேசிபி, நெடுஞ்சாலைத் துறை ஜீப், இரண்டு போலீஸ். பள்ளிக்குப் போக நின்றிருந்த நான் போகவில்லை. டீக்கடை மாமா தன் கட்சிக் கம்பத்தைத் தானே ஆட்களை வைத்து முந்தின நாளே கழற்றியிருந்தார். மூன்றாவது கம்பத்துக்கு ஜேசிபி திரும்பியபோது அவர் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கடப்பாரையோடு ஓடிவந்தார்.

"சார், ஒரு அர மணி நேரம் குடுங்க. கல்ல மட்டும் பேத்துக்கறோம்."

"உங்க கட்சியா?" என்றார் அதிகாரி.

"இல்லிங்க. எங்க ஊரு."

பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் கல்லைச் சுற்றிச் சிமெண்டைக் கொத்தினார்கள். "மெதுவாய்யா, ஓரம் ஒடஞ்சிடும்" என்றார் ஒருவர். "நீ புடி, நான் நெம்பறேன்" என்றார் மற்றவர். அம்மா சொசைட்டி வாசலில் நின்றாள். பிள்ளைகள் அன்று எதையும் படிக்கவில்லை. ஜேசிபியைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். கல் உடையாமல் வந்தது. மாமாவின் மொபெட்டில் படுக்கவைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடக்க, வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அப்பா மாட்டுக்கொட்டாய்ச் சுவரில் சிமெண்ட் குழைத்துப் பதித்துவிடலாம் என்றார். "தேதியையும் கையோட மாத்திடலாம், பாப்பா எத்தன வருசமா சொல்லுது. பாலிஷ் போட்டு வெட்டித் தர ஆள் இருக்குது."

"இங்க வெச்சா யாரு படிப்பாங்க?" என்றாள் அம்மா. "நமக்கு அவன் பேரு தெரியாதா?"

அப்பா சிமெண்ட் வாங்கவில்லை. கல் கொட்டாய்ச் சுவரில் சாய்ந்தபடி, எழுத்துப் பக்கம் உள்ளே திரும்பி நிற்கிறது. நாங்கள் யாரும் அதைத் திருப்பவில்லை. இப்போது தேதியைத் திருத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. எனக்குத்தான் வேண்டாம் என்று இருக்கிறது. தவறான தேதியோடேயே அது பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கலாம்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. செய்தி வாசிப்பது அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது. தேர்தல் வருவதால் பேப்பரில் கூட்டணிச் செய்திதான் அதிகம். அம்மா வழக்கம்போலக் காலையில் பாலை ஊற்றுகிறாள். கேனை இரண்டு தடவை அலசுகிறாள். இரண்டாம் அலசல் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள், பிறகு குழாயடியிலேயே ஊற்றிவிடுகிறாள். பீடம் இருந்த இடத்தில் மண் கொட்டி மட்டமாக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிற்க முன்பைவிட இடம் அதிகம். சோப்பு விளம்பரத்தைப் படிக்கிறார்கள், பஸ் போர்டைப் படிக்கிறார்கள். அதோடு முடிந்துவிடுகிறது. அம்மா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.